இதய நோயும் புதிய புரோகிதமும்



சென்ற கூட்டம் முடிந்ததும் ஒரு தோழர் என்னைத் தனியே அழைத்து ஒரு சங்கதி கேட்டார். அவருடைய தமையனாருக்கு இதயம் வீங்கிப் பலம் குன்றிவிட்டதாம். “ஸ்டெம் செல் ஏற்றினால் இதயம் புதிதாகிவிடும், பிரேசில் தேசத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள்” என்று ஒரு தரகர் சொன்னாராம். இருக்கிற ஒன்றரை ஏக்கரை விற்கலாமா என்பது தோழருடைய கேள்வி. அன்று என்னிடம் பதில் இல்லை. படித்துப் பார்த்துவிட்டு வந்து இன்று சொல்லுகிறேன்.

பிரேசிலில் செய்து பார்த்தது நிஜந்தான். ஆனால் தரகர் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார்.

அந்நாட்டில் மூட்டைப்பூச்சியைப் போல இரத்தம் குடிக்கும் ஒரு பூச்சி உண்டு. மண் சுவரின் வெடிப்பிலும் கூரையிலும் பகலில் பதுங்கியிருந்து, இரவில் தூங்குகிறவர் முகத்தில் கடிக்கும். அதனால் ஜனங்கள் அதற்குச் ‘சவரக்காரன்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கடித்த இடத்தில் அது கழிக்கும் மலத்தோடு ஒரு கிருமி உடலுக்குள் புகுகிறது. பிறகு பல வருஷங்கள் ஒன்றும் தெரியாது. கிருமி புகுந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குக் கடைசியில் இதயம் கெடுகிறது. 1909-ல் இதைக் கண்டுபிடித்தவர் கார்லோஸ் ஷாகாஸ் என்ற வைத்தியர். அதுவரை அந்த ஏழைகள் எந்தத் தெய்வத்தின் தலையில் பழியைப் போட்டார்களோ! குற்றவாளி சுவர் வெடிப்பில் இருந்தான்.

கெட்ட இதயத்தைத் திருத்த வழியுண்டா என்று சல்வடோர் நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள் எலும்பு மஜ்ஜையின் செல்களை எலிகளுக்கு ஏற்றினார்கள். எலிகளின் இதயம் தேறிற்று. 2004-ல் அதை வெளியிட்டார்கள். நம் நாட்டுச் சாமியாராக இருந்தால் அன்றே உண்டியல் வைத்திருப்பார். அவர்களோ மனிதரிடம் பரீட்சை நடத்தினார்கள். 183 நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அவரவர் மஜ்ஜைச் செல்லை இதய இரத்தக்குழாயில் ஏற்றினார்கள். மற்றவர்களுக்குச் செல் இல்லாத திரவத்தை ஏற்றினார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது. சோதிக்கும் வைத்தியருக்கும் தெரியாது.

ஓராண்டு கழிந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் சதவிகித அளவு செல் ஏற்றியவர்களுக்கு 3.5 புள்ளி கூடியிருந்தது. பலே என்கிறீர்களா? ஏற்றாதவர்களுக்கு 3.7 புள்ளி கூடியிருந்தது! செல்லினால் பலனில்லை என்று 2012-ல் அவர்களே உலகறிய அச்சிட்டார்கள்.

தோழர்களே, இதைத்தான் பகுத்தறிவு என்கிறேன். முதல் பாதிப் பேரை மட்டும் பார்த்திருந்தால் ‘அற்புதம்’ என்று கூத்தாடியிருப்போம். வேண்டிக்கொண்டு பிழைத்தவனைப் பூசாரி காட்டுகிறான். வேண்டிக்கொண்டும் செத்தவனை எண்ணினானா? வேண்டாமலே பிழைத்தவனை எண்ணினானா? எந்தக் கோயிலாவது, “எங்கள் விபூதியைச் சோதித்தோம், பலனில்லை” என்று எழுதி ஒட்டியதுண்டா?

ஸ்டெம் செல்லே புரட்டு என்று நான் சொல்லவில்லை. சில இரத்தப் புற்றுநோய்களுக்கு மஜ்ஜை மாற்று வைத்தியம் உயிர் தருகிறது. அது பரீட்சையில் தேறியது. இதய நோய்க்கு நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ம் வருஷத்து விதிகள்கூட அதைப் பரிசோதனையாக மட்டுமே அனுமதிக்கின்றன. பரீட்சையில் தேறாததைக் காசுக்கு விற்கிறவன் பூணூல் இல்லாத புரோகிதன்!

பிரேசிலில் பல்லாயிரம் இதயங்களைக் காத்தது எது தெரியுமா? பூச்சி மருந்தும், வெடிப்பில்லாத சுவரும், இரத்ததானத்தில் சோதனையுந்தான். நோயைப் பரப்பிய முக்கியமான பூச்சியினத்தால் இனிப் பரவலில்லை என்று 2006-ல் அந்நாட்டுக்குச் சான்று கிடைத்தது.

ஆகவே, கேட்ட தோழருக்குச் சொல்லுகிறேன்: நிலத்தை விற்காதீர். தமையனாரை நல்ல இதய வைத்தியரிடம் காட்டி, சோதித்துத் தேறிய மருந்தைத் தவறாமல் கொடும். தரகர் மறுபடி வந்தால் ஒன்றே ஒன்று கேளும்: “ஏற்றிக்கொள்ளாதவர்கள் என்ன ஆனார்கள்?”