தம் கணக்குத் தமக்கே

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த லிங்கநகரிலே கூட்டுறவுச் சங்கம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அங்கத்தவர் 200 பேர், பேரேடு ஒன்றே. தம் கடன் மிகுதியைப் பார்க்க வந்த மீனவர் ஏட்டைப் புரட்டினால் அயலவர் கடனும் தெரிந்துவிடும். மாலைக்குள் அது ஊர்ப் பேச்சாகும். ஒரு குடும்பம் தலைகுனியும்.

பேரேடு இன்று கணினியில் தரவுத்தளமாகிவிட்டது. ஒவ்வொருவர் கணக்கும் அதில் ஒரு நிரை. அட்டவணையைப் பார்க்க அனுமதி அளித்தால் நிரைகள் யாவும் தெரியும். ஆகவே, நிரைதோறும் உரியவர் பெயரைப் பொறித்து, உள்நுழைந்தவர் பெயரோடு அது ஒத்தால் மட்டுமே காட்டுமாறு விதி வகுக்கின்றனர். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம், 2016 இல் வெளிவந்த 9.5 ஆம் பதிப்பு முதல் இவ்விதியைத் தானே காத்து வருகிறது. காவலை ஏற்படுத்தியபின் விதியெழுத மறந்தாலும், சாதாரணப் பயனருக்கு ஒரு நிரையும் வெளிப்படாது.

இலங்கையில் 2022 இல் இயற்றப்பெற்ற 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இத்தகைய அக்கறையின் விளைவே.

எனினும், அட்டவணையின் உரிமையாளரை இவ்விதி இயல்பாகக் கட்டுப்படுத்தாது. அதற்குத் தனி ஆணை வேண்டும். தலைமை நிருவாகியையோ அவ்வாணையும் தடுக்காது. ஆதலால், அன்றாடக் கணக்கெழுதும் எழுத்தர் அவர்கள் பெயரால் உள்நுழைதல் ஆகாது. பெட்டியைப் பூட்டித் திறவுகோலை அதன்மேலேயே வைப்பதற்கு அது ஒப்பாகும்.