டம்ளரும் தராசும்



ஒரு டம்ளர் அரிசி எத்தனை கிராம்? டம்ளர் 200 மில்லி பிடிக்கும். அப்படியானால் அரிசியும் 200 கிராம் என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. தண்ணீருக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும்.

இந்தியா முழுவதும் அரசுப் பள்ளிகளில் மதிய உணவு போடுகிறார்கள். 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அரிசி அல்லது கோதுமை. பருப்பு 20 கிராம். காய்கறி 50 கிராம். எண்ணெய் 5 கிராம். எல்லாமே எடைக் கணக்கு. மூட்டையும் எடையில்தான் வருகிறது. ஆனால் அடுப்படியில் அளப்பது டம்ளரில்.

ஒரு பள்ளியில் 60 குழந்தைகள் சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 கிலோ அரிசி போட வேண்டும். ஒரு டம்ளர் 200 கிராம் என்று நினைத்து, சமையல் செய்யும் அம்மா 30 டம்ளர் போடுகிறார். உண்மையில் அந்த டம்ளரில் 6 டம்ளர் அளந்தால்தான் ஒரு கிலோ. 30 டம்ளருக்கு 5 கிலோதான். 1 கிலோ குறைந்துவிட்டது. அது 10 குழந்தைகளின் சாப்பாடு!

பதிவேட்டில் 6 கிலோ என்று எழுதியிருக்கும். 25 நாளில் 25 கிலோ மிஞ்சி நிற்கும். சோதனைக்கு வருபவர் என்ன நினைப்பார்? அந்த அம்மா ஒரு பிடி அரிசிகூட எடுக்கவில்லை. பழி மட்டும் அவர் மேல் விழும். அவர் போட வேண்டியது 36 டம்ளர்.

ஏன் இந்த வித்தியாசம்? அரிசி மணிகளுக்கு நடுவே சந்து இருக்கிறது. சந்தில் காற்று இருக்கிறது. காற்றும் சேர்ந்துதான் டம்ளரை நிரப்புகிறது. மாவு இன்னும் மோசம். சலித்த கோதுமை மாவை லேசாகக் கொட்டினால் ஒரு டம்ளர் சுமார் 100 கிராம். அதையே அழுத்தி நிரப்பினால் 130 கிராமைத் தாண்டும். தூள் உப்போ 200 கிராமுக்கு மேல் நிற்கும். அதனால் எல்லாச் சாமானுக்கும் ஒரே கணக்கு ஆகாது.

எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது அல்லவா? அது தண்ணீரைவிட எடை குறைவு. ஒரு லிட்டர் எண்ணெய்ப் பையைப் படித்துப் பாருங்கள். சுமார் 910 கிராம் என்று போட்டிருக்கும். 60 குழந்தைகளுக்கு 300 கிராம் எண்ணெய் வேண்டும். அளந்து ஊற்றினால் 330 மில்லி.

இந்தக் குழப்பம் புதிதல்ல. வடநாட்டில் சேர் என்பது எடை, சுமார் 933 கிராம். மைசூர்ப் பக்கத்தில் தானியம் அளக்கும் பாத்திரத்துக்கும் சேர் என்றே பெயர். ஊருக்கு ஊர் படியும் மாறியது. வெளியூர் வியாபாரியிடம் ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர். 1956-இல் சட்டம் வந்தது. 1958 அக்டோபர் முதல் கிலோவும் கிராமும் படிப்படியாகக் கடைக்கு வந்தன. அடுப்படிக்கு மட்டும் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை!

தராசு இல்லாத வீட்டில் என்ன செய்வது? கடையில் ஒரு கிலோ அரிசிப் பை வாங்குங்கள். உங்கள் டம்ளரால் அளந்து எண்ணுங்கள். குவிக்க வேண்டாம், தலைதட்டி அளக்க வேண்டும். 1000-ஐ டம்ளர் எண்ணிக்கையால் வகுங்கள். 6 டம்ளர் வந்தால் ஒரு டம்ளர் சுமார் 166 கிராம். பருப்பு, சர்க்கரை, ரவை எல்லாவற்றுக்கும் இப்படியே பார்க்கலாம். சாமானை வீணாக்க வேண்டாம். அளந்ததை அப்படியே டப்பாவில் கொட்டிவிடலாம்.

கிடைத்த எண்களை ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். டம்ளரின் அடியில் ஓர் அடையாளம் போட்டு வையுங்கள். அந்த டம்ளர் தொலைந்து வேறு டம்ளர் வந்தால், பழைய தாளைக் கிழித்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.