தேய்ந்த முட்டி மறுபடி வளருமா?

(ஆதரவாளர் கூடுகையில் ஆஸ்பத்திரி போதகர் ஐயா பேசியது)



வார்டில் கட்டிலுக்குக் கட்டில் போகையில், வயதானவர்கள் எங்களிடம் அதிகமாய்க் கேட்பது, "ஐயா, தேய்ந்த முட்டி மறுபடி வளருமா?" என்பதே. அண்மையில் ஒரு தாயார், வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய மாத்திரை டப்பாவைக் காட்டி, "இது குருத்தெலும்பை வளர்க்குமாமே?" என்றார்கள். அதில் ஸ்ட்ரான்சியம் என்று போட்டிருந்தது. நாங்கள் வைத்தியரல்ல. ஆகவே டாக்டரம்மாவிடம் கேட்டறிந்ததைச் சொல்லுகிறோம்.

குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய் கிடையாது. அதற்குள் சிதறலாய்க் குடியிருக்கும் செல்கள், கொலாஜன் நாரையும், தண்ணீரைப் பிடித்துவைக்கும் புரோட்டியோகிளைக்கானையும் உண்டாக்கித் தங்களைச் சுற்றி நிரப்புகின்றன. மெத்தைபோல் பாரம் தாங்குவது இதுவே. உண்டாவதைவிடக் கரைவது மிஞ்சினால் மூட்டு தேய்கிறது.

ஸ்ட்ரான்சியம், கால்சியத்தின் தம்பி போன்ற உலோகம். செல்லின்மேல் கால்சியத்தை உணரும் ஏற்பியை இதுவும் தட்டி உள்ளே செய்தி அனுப்ப வல்லது. ஸ்ட்ரான்சியம் ரனிலேட் என்ற உப்பை மனிதக் குருத்தெலும்புச் செல்களோடு சேர்த்தபோது, புரோட்டியோகிளைக்கான் அதிகமாய் உண்டானதாக பெல்ஜியம் ஆய்வாளர்கள் 2001-ல் அறிவித்தார்கள். 2013-ல் வெளியான ஆய்வில், முழங்கால் தேய்மானமுள்ள சுமார் 1,700 பேரை 3 வருஷம் கவனித்தார்கள். போலி மருந்து எடுத்தவர்களுக்கு மூட்டு இடைவெளி 0.37 மில்லிமீட்டர் குறைந்தது. தினம் 2 கிராம் மருந்து எடுத்தவர்களுக்கு 0.27. தேய்மானம் மெதுவானது, நிற்கவில்லை.

ஆனால் எலும்புப் பலவீனத்துக்கு இதே மருந்தைச் சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு அதிகமெனத் தெரியவந்தது. இருதய நோயுள்ளவர்களுக்குக் கொடுக்கலாகாது என்று ஐரோப்பிய மருந்து அதிகாரிகள் 2014-ல் உறுதிப்படுத்தினார்கள். முதலில் தயாரித்த செர்வியே கம்பெனி 2017-ல் அதை நிறுத்திக்கொண்டது.

அந்தத் தாயாருக்கோ முன்பே ஒருமுறை மாரடைப்பு வந்திருந்தது! டாக்டரம்மா அன்றே மாத்திரையை நிறுத்தினார்கள். "பிள்ளை சம்பாதித்த காசு வீணாயிற்றே" என்று தாயார் அழுதார்கள். மாத்திரைக்குப் பதிலாகக் கிடைத்தவை, உட்கார்ந்து கால் நீட்டும் பயிற்சி, எடை குறைக்க ஆலோசனை, ஒரு கைத்தடி. பெரிய காரியங்களல்ல. ஆனாலும் இரண்டு மாதத்துக்குப்பின் அவர்கள் தடியூன்றி, யாரும் கைபிடிக்காமல், எங்கள் அறைவாசல்வரை நடந்து வந்தார்கள்.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள பெற்றோரும், பெற்றோருக்கு அனுப்புகிற பிள்ளைகளும் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் அன்பை நாங்கள் அறிவோம். தபாலில் மாத்திரை அனுப்புமுன், "அம்மாவின் இருதயத்துக்கு இது ஆகுமா?" என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதுவும் அன்புதான்.