இரவல் கோட்டும் சொந்த நண்பனும்

(கல்வி உதவித்தொகை வழங்கும் விழாவில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





வழக்கமாக இந்த நேரத்தில் ஆண்டுக் கணக்கைப் படித்துக் காட்டுவோம். இம்முறை அதை அச்சிட்டு வாசலில் வைத்திருக்கிறோம். போகும்போது ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் படிக்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒரு சினிமா நடிகரைப் பற்றிப் பேசப்போகிறோம்.

முன்வரிசையில் சிலர் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. சினிமா கூடுமா கூடாதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஹஸ்ரத்மார்கள் இருக்கிறார்கள். அந்த இடத்தில் நாங்கள் கால் வைக்கவில்லை. எங்களை இந்தப் பேச்சுக்கு இழுத்து வந்தது உங்கள் பிள்ளைகளின் விண்ணப்பங்கள்தான். "எதிர்காலத்தில் என்ன ஆக விரும்புகிறீர்கள்?" என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. முன்பெல்லாம் டாக்டர், இன்ஜினியர், கலெக்டர் என்று எழுதுவார்கள். இந்த ஆண்டு ஒரு மாணவர் "பிரபலம் ஆக வேண்டும்" என்று எழுதியிருந்தார். என்ன வேலை செய்து பிரபலமாவது என்று எழுதவில்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது நினைவுக்கு வந்தவர்தான் பர்கத் அப்தி.

1985-இல் சோமாலியாவின் தலைநகர் மொகதிஷுவில் பிறந்தவர் அவர். உள்நாட்டுப் போர் மூண்டபோது சிறு பிள்ளை. குடும்பம் யேமனுக்குத் தப்பிச் சென்றது. சில ஆண்டுகள் அங்கே வாழ்ந்துவிட்டு, 1999-இல், அவருடைய 14-ஆம் வயதில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள மினியாபொலிஸ் நகரத்தில் குடியேறினார்கள். அங்கே சோமாலிய மக்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். அவர்கள் நிறைந்திருக்கும் சீடர் ரிவர்சைடு என்ற பகுதியைக் 'குட்டி மொகதிஷு' என்றே சொல்வதுண்டு.

இளைஞர் அப்தி கல்லூரிக்கும் போனார். சகோதரரின் செல்போன் கடையில் வேலை பார்த்தார். சொகுசு வாடகைக் கார் ஓட்டினார். நம் ஊர் பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவரைப் போலத்தான் அவரும் இருந்தார்.

2011-இல் ஓர் அறிவிப்பு வந்தது. டாம் ஹாங்க்ஸ் நடிக்கும் ஒரு படத்துக்குச் சோமாலிய இளைஞர்கள் தேவை, மினியாபொலிஸில் ஆள் தேர்வு நடக்கிறது என்று. 700 பேருக்கு மேல் திரண்டார்கள். அவர்களிலிருந்து அப்தியும் அவருடைய நண்பர்கள் மூவரும், ஆக நான்கு பேர், முக்கிய வேடங்களுக்குத் தேர்வானார்கள். அதற்கு முன் எந்தப் படத்திலும் அவர் நடித்ததில்லை.

படத்தின் பெயர் 'கேப்டன் ஃபிலிப்ஸ்'. 2009-இல் 'மேர்ஸ்க் அலபாமா' என்ற சரக்குக் கப்பலைச் சோமாலியக் கடற்கொள்ளையர் பிடித்துவைத்த உண்மைச் சம்பவம் அதன் கதை. கொள்ளையர் தலைவனாக அப்தி நடித்தார். நீந்தவும், சிறு படகில் நின்று சமாளிக்கவும், கப்பலின் பக்கவாட்டில் ஏணி வைத்து ஏறவும் பயிற்சி எடுத்தார். மால்டா தீவை ஒட்டிய கடலில் படப்பிடிப்பு நடந்தது. கப்பலுக்குள் கொள்ளையர்கள் நுழையும் காட்சி எடுக்கும்வரை டாம் ஹாங்க்ஸை அவர்கள் கண்ணில் காட்டவே இல்லை. முதல் பார்வையில் எழும் பதற்றம் நிஜமாக இருக்கட்டும் என்று இயக்குநர் பால் கிரீன்கிராஸ் அப்படி ஏற்பாடு செய்திருந்தார். "இனிமேல் இந்தக் கப்பலுக்கு நான்தான் கேப்டன்" என்ற பொருளில் அந்தக் காட்சியில் அப்தி ஒரு வரி பேசினார். அது எழுதிக் கொடுத்த வசனம் இல்லை, அந்த நேரத்தில் அவர் வாயில் வந்தது. உலகம் முழுவதும் பரவி, இன்றைக்கும் மீம்களில் உலவிக்கொண்டிருக்கிறது.

இந்த வேடத்தைப் பற்றி அவர் பேட்டிகளில் சொன்ன ஒரு கருத்து நம் மனத்தில் நிற்க வேண்டியது. பெற்றோர் தம்மை அந்த நாட்டைவிட்டு அழைத்து வந்திராவிட்டால், தாம் நடித்த அந்த மனிதனின் நிலையில் தாமே இருந்திருக்கலாம் என்றார். புகழ் வரும் நேரத்தில் தன் திறமையை மட்டும் பேசாமல், தன்னைக் காப்பாற்றியவர்களை நினைத்த பேச்சு அது.

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கு இல்லாமல் நம் அறக்கட்டளைக் கூட்டம் முடியாதல்லவா?

படம் 2013 அக்டோபரில் வெளியாகி, உலக அளவில் 21 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அப்திக்குக் கிடைத்த சம்பளம் 65,000 டாலர் என்று பத்திரிகைகளில் வந்தது. வசூலான ஒவ்வொரு 10,000 டாலருக்கும் 3 டாலர்! நம் பணத்தில் அன்றைக்குச் சுமார் 35 லட்சம் ரூபாய். கேட்பதற்குப் பெரிய தொகைதான். அமெரிக்க நகரத்தில் வாடகை கட்டி, அடுத்த படம் எப்போது என்று தெரியாமல் வாழ்கிறவருக்கு அது எத்தனை நாள் வரும்? புதுமுகத்துக்குச் சினிமாவில் கிடைப்பது அவ்வளவுதான். அதில் மோசடி ஒன்றும் இல்லை. படப்பிடிப்பு முடிந்ததும் அவர் ஊருக்குத் திரும்பி, மறுபடியும் சகோதரரின் கடையில் செல்போன் விற்றார். படம் வெளியானபோதுதான் அந்த வேலையை விட்டார்.

2014-ஆம் ஆண்டு பிறந்தபோது அவர் பெயர் ஆஸ்கர் பட்டியலில் இருந்தது. பிப்ரவரியில், சிறந்த துணை நடிகருக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது அவருக்குக் கிடைத்தது. மார்ச்சில் ஆஸ்கர் வேறொருவருக்குப் போனது. அந்த மாதங்களில் அவர் வாழ்ந்த விதத்தைப் பத்திரிகைகள் எழுதின. விழாக்களுக்கு அணிந்து சென்ற கோட்டுகள் இரவல். விழா முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். விளம்பரத்துக்காகப் படக்கம்பெனி அழைத்து வரும் நாட்களில் நட்சத்திர விடுதியும் செலவுக்குப் பேட்டாவும் உண்டு. அந்த நாட்கள் முடிந்தால் அவையும் முடிந்தன. அப்போது அவர் கம்பெனியிடம் ஒரு கோரிக்கை வைத்தார். பெரிய விடுதியே வேண்டும் என்றோ பெரிய கார் வேண்டும் என்றோ கேட்கவில்லை. விமான நிலையத்துக்கு அருகிலுள்ள சாதாரண விடுதியில் தங்கிக்கொள்கிறேன் என்றார். காரணம், டாக்சி ஓட்டும் சோமாலிய நண்பர் ஒருவர் அந்தப் பக்கம் இருந்தார். அவர்தான் காசு வாங்காமல் அப்தியை இங்கும் அங்கும் அழைத்துப்போனார்.

மாணவச் செல்வங்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். போட்டிருந்த கோட்டு இரவல். அறை இரவல். கைதட்டலும் ஒருவகையில் இரவல்தான். அடுத்த வருடம் அதே அரங்கம் வேறொருவருக்குத் தட்டும். அந்தப் பையனுக்குச் சொந்தமாக இருந்தவை மூன்று. போய் நின்றால் வேலை தரும் சகோதரரின் கடை, ராத்திரி கூப்பிட்டாலும் வண்டி எடுத்து வரும் நண்பன், தன்னைக் காப்பாற்றிக் கொண்டுவந்த பெற்றோரின் நினைவு. எது இரவல், எது சொந்தம் என்று 28 வயதில் அவருக்குத் தெரிந்திருந்தது. புகழ் ஒரு கணக்கு, ரிஸ்க் வேறொரு கணக்கு. ஒன்றில் வரவு வைத்ததை மற்றதில் எடுத்துச் செலவு செய்ய முடியாது.

அதன் பிறகும் அவர் நடித்தார். பெரும்பாலும் சின்ன வேடங்கள். 2015-இல் வந்த 'ஐ இன் த ஸ்கை' படத்தில், குண்டு விழப்போகும் இடத்தில் ரொட்டி விற்றுக்கொண்டிருக்கும் ஒரு சிறுமியைக் காப்பாற்ற, அவளிடமுள்ள ரொட்டி முழுவதையும் வாங்கப் பார்க்கும் மனிதராக வருகிறார். 2017-இல் 'பிளேட் ரன்னர் 2049' படத்தில் சில நிமிடங்கள். ஆஸ்கர் பட்டியலில் இருந்தவனுக்கு இவ்வளவு சின்ன வேடமா என்று அவர் ஒதுங்கிவிடவில்லை. கிடைத்த வேலையைச் செய்தார்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். சொல்லப்போவது எங்கள் தவறு. சம்பந்தப்பட்ட பிள்ளையிடமும் அவருடைய தாயாரிடமும் அனுமதி பெற்றுத்தான் சொல்கிறோம். பெயரை யாரும் கேட்க வேண்டாம். தெரிந்தவர்கள் வெளியில் சொல்லவும் வேண்டாம்.

பாலிடெக்னிக் படிக்க நம் உதவித்தொகை பெற்ற ஒரு பையன். கடைத்தெருவில் பேரம் பேசுவதைப் போல நடித்து ஒரு வீடியோ போட்டான். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். கடை திறப்பு விழாக்களுக்கு அழைத்தார்கள். சம்பளமாக ஒரு சட்டை, ஒரு செல்போன் கவர், ஒரு பிரியாணி. நாங்கள் மட்டும் சும்மா இருந்தோமா? இதே மேடையில் நிறுத்திப் பொன்னாடை போர்த்தினோம். ரமலானில் நிதி திரட்டும் வீடியோவில் அவனைப் பேச வைத்தோம். நிர்வாகக் குழுவில் அவனோடு செல்ஃபி எடுக்காதவர் இல்லை. ஆனால் இரண்டாம் பருவத்தில் கல்லூரியிலிருந்து வாங்க வேண்டிய வருகைச் சான்றை அவனிடம் மட்டும் கேட்கவில்லை. "நம்ம பையன், பெரிய ஆளாயிட்டான்" என்று விட்டுவிட்டோம். அதற்குள் அவன் கல்லூரிக்குப் போவதையே நிறுத்தியிருந்தான்.

பிறகு யாரோ ஒருவர் சீரியலில் வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி, 'ஆர்ட்டிஸ்ட் கார்டு' எடுக்க வேண்டும் என்று 40,000 ரூபாய் வாங்கினார். தாயார் காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்துக் கொடுத்தார். கார்டும் வரவில்லை, சீரியலும் வரவில்லை, போனை எடுக்கவும் ஆளில்லை. அடுத்தடுத்த வீடியோக்களைப் பார்ப்பவர்களும் குறைந்தார்கள். ஒருநாள் அந்தத் தாயார் நம் அலுவலகத்துக்கு வந்தார். திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "பொன்னாடை போட்டீங்களே அண்ணே, காலேஜுக்குப் போறியான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

எங்களிடம் பதில் இல்லை. ஃபீஸ் கட்டியவர்கள் நாங்கள். கேட்டிருக்க வேண்டியவர்களும் நாங்கள்தான். அவன் புகழில் கொஞ்சம் நமக்கும் ஒட்டட்டும் என்று ஆசைப்பட்டதில் அந்தக் கடமை மறந்துபோயிற்று. ரியா என்று மதரஸாவில் பாடம் படித்தவர்கள், அது எந்த வாசல் வழியாக வந்தது என்று கவனிக்கவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், கதை அங்கே முடியவில்லை. கல்லூரி முதல்வரைப் பார்த்துப் பேசி அவனை மறுபடியும் சேர்த்தோம். ஐந்து அரியர் இருந்தது. இரண்டை முடித்துவிட்டான், மூன்று மீதமிருக்கிறது. மாலையில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறான். தாயாரின் கம்மல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. அவன் சம்பளத்திலேயே மீட்க வேண்டும் என்பது அவன் பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமை வீடியோவும் போடுகிறான், நாங்கள் தடுக்கவில்லை. போன மாதம் பார்த்தபோது, "இப்ப யாரும் அடையாளம் கண்டுக்கிறாங்களா?" என்று கேட்டோம். "சில பேர் 'நீதானே அது?'ன்னு கேட்பாங்க மாமா. ஆமான்னு சொல்லிட்டு டிஸ்பிளே மாத்திக் கொடுப்பேன்" என்றான். அப்தியின் கதையை அவனிடம் நாங்கள் சொன்னதில்லை.

இதிலிருந்து சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். முதலாவது, யாராக இருந்தாலும், எத்தனை லட்சம் பேர் பார்த்தாலும், ஒவ்வொரு பருவமும் வருகைச் சான்று தந்தால்தான் அடுத்த தவணை. இரண்டாவது, படித்துக்கொண்டிருக்கும் எந்த மாணவரையும் நம் விளம்பரத்துக்குப் பயன்படுத்த மாட்டோம். பொன்னாடை படிப்பு முடிந்த பிறகு. மூன்றாவது, நடிப்பு, மாடலிங், விளம்பரம் என்று எந்த ஒப்பந்தம் வந்தாலும், கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளை அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். நம் ஜமாஅத் வழக்கறிஞர்கள் இலவசமாகப் படித்துச் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை நாள் வேலை, எவ்வளவு சம்பளம், எப்போது தருவார்கள், உங்கள் முகத்தையும் குரலையும் எத்தனை காலம் பயன்படுத்துவார்கள் என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் எங்களிடம் வந்து கேட்கவே தேவையில்லை. வேலை கொடுப்பவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும். வாய்ப்புக்காக உங்களிடம் பணம் கேட்கிறவர் வேலை கொடுக்க வந்தவர் அல்லர். தாய்மார்களே, காதில் கிடப்பதைக் கழற்றும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ஆசைப்படுகிறான் என்றால் அடிக்காதீர்கள், தலையில் தூக்கியும் வைக்காதீர்கள். கையில் ஒரு தொழிலோ படிப்போ இருக்கட்டும். மேலே போனால் அது பாரமில்லை, கீழே வந்தால் அதுதான் தரை.

"பிரபலம் ஆக வேண்டும்" என்று எழுதிய மாணவரே, நீங்களும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறீர்கள். உங்கள் விண்ணப்பத்தை நாங்கள் தள்ளவில்லை, உதவித்தொகை உண்டு. அந்தக் கேள்விக்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடமிருக்கிறது. என்ன வேலை செய்யப்போகிறீர்கள் என்று அங்கே எழுதிக் கொடுத்துவிட்டுக் காசோலையை வாங்கிக்கொள்ளுங்கள். இப்போதே எழுத வரவில்லையென்றால் வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம். இந்த முறை கேட்க மறக்க மாட்டோம்.

நம் பிள்ளைகளின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.