தாத்தாவின் கைத்துப்பாக்கிக்கு விலை என்ன?



செராஸிலிருந்து ஓர் அன்பர் கேட்டிருக்கிறார். தோட்டத்தில் கிராணியாக இருந்த தாத்தா காலமாகிவிட்டார். அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தால் பழைய ரிவால்வர் ஒன்றும் சில தோட்டாக்களும் இருக்கின்றன. என்ன விலைக்குப் போகும்? புதிய தோட்டா அதற்குப் பொருந்துமா?

தோட்டா விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம். ‘38’ என்று பெயர் போட்டதெல்லாம் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 38 ஸ்பெஷல் ரவையின் குறுக்களவு 0.357 அங்குலம். அவசரகாலத்தில் மலாயாவில் புழங்கிய பிரிட்டிஷ் வெப்லி, என்ஃபீல்டு ரிவால்வர்களின் ‘38’ அதைவிடக் குட்டை, ஆனால் சற்றுப் பருமன்: 0.361. ஒன்றுக்காகச் செய்ததை மற்றொன்றில் போடக்கூடாது. 1930களில் வந்த 357 மேக்னமோ 38 ஸ்பெஷலைவிட ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளம். மேக்னம் துப்பாக்கியில் 38 ஸ்பெஷலைச் சுடலாம். மாற்றிச் சுட முடியாது. வேகம் கூடிய தோட்டா பலவீனமான துப்பாக்கிக்குள் நுழைந்துவிடக் கூடாது என்றுதான் நீளத்தைக் கூட்டினார்கள்.

போலீசார் ரிவால்வரை நெடுங்காலம் நம்பியதற்குக் காரணம் எளிது. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும், உருளை சுழன்று அடுத்தது வந்து நிற்கும்.

இனி விலை. வெளிநாட்டில் இதற்கு ஏலம் நடக்கிறது, சேகரிப்பவர்கள் பணம் கொடுக்கிறார்கள். இங்கே லைசென்ஸ் ஆளுக்குரியது. வீடு, நிலம் போல் பேரனுக்கு வந்து சேராது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அனுமதியில்லாமல் தோட்டா மட்டும் வைத்திருந்தாலும் குற்றம். துப்பாக்கியே இருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. தாத்தாவுடையது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம் என இருந்துவிடாதீர்கள்.

நம்மவர் ஒருவரின் கதை இருக்கிறதே! தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி. 1949 மார்ச்சில் ரவாங் பக்கம் பிடிபட்டார். கையில் ஒரு ரிவால்வர், ஆறு தோட்டாக்கள். அவசரகாலச் சட்டத்தில் அதற்குத் தூக்கு. வழியில் கண்டெடுத்தேன், போலீசிடம் ஒப்படைக்கத்தான் கொண்டு போனேன் என்றார். நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்திய அரசாங்கம் தண்டனையைக் குறைக்கக் கேட்டும் பலிக்கவில்லை. அதே ஆண்டு மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். செராஸிலிருந்து நகருக்குள் போகும்போது இன்று பேரங்காடி நிற்கிறதே, அந்த இடம்தான். பழைய வாசலை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள்.

இன்று அந்த மரண தண்டனை இல்லை. ஆனாலும் செராஸ் அன்பரே, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்களே நிலையத்துக்குப் புறப்பட்டுவிடாதீர்கள். எதையும் தொடாமல் பூட்டுங்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போன் போட்டு விவரம் சொல்லுங்கள், அவர்களே வந்து எடுத்துக்கொள்ளட்டும். தாத்தாவின் பழைய லைசென்ஸ் புத்தகம் கிடைத்தால் அதையும் மரணச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள். நாளைக்கு என்று தள்ளாமல் இன்று இரவே பேசிவிடுங்கள்.