விசில் ஊதுவதற்கு முன்னால்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"உனக்குத் தெரிஞ்சதைப் பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது கபடி. எண்ணூர்ப் பக்கம் குப்பங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறேன். பஸ் செலவு, ஒரு சாப்பாடு, வயிறு நிறையத் திட்டு. இவைதான் வரும்படி.

கபடியில் பெரிய விதிகள் எல்லோருக்கும் தெரியும். தகராறு வருவது சின்ன விதிகளில்தான். நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். உடம்பில் எண்ணெய் தடவக் கூடாது. மோதிரம், சங்கிலி கூடாது. எதிர்ப்பக்கத்தில் கால் வைக்கும் முன்பே பாட ஆரம்பித்துவிட வேண்டும். தாமதித்தால் ஆளைத் திருப்பி அனுப்பி, எதிரணிக்கு ஒரு பாயிண்ட் தர வேண்டும். ஒருவன் பாடிக்கொண்டிருக்கும்போது அவன் அணியினர் யோசனை சொல்லக் கூடாது. சொன்னால் அதற்கும் ஒரு பாயிண்ட் எதிரணிக்குப் போகும்.

"இதுக்கெல்லாமா சார் விசில் ஊதுவீங்க?" என்று கேட்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான்.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது முகத்துவாரக்குப்பம். அங்கே ஒரு போட்டி. மணலில் கயிறு கட்டிக் கோடு போட்டிருந்தார்கள். காலை ஆட்டங்களில் நான் யாருடைய நகத்தையும் பார்க்கவில்லை. சின்னப் பசங்கதானே, வெயிலுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்ற நினைப்பு. மாலையில் இறுதி ஆட்டம். பிடிக்கப் போன ஒரு பையனின் நகம், பாட வந்தவனின் கண்ணுக்குக் கீழே கிழித்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் ஆட்டத்தை நிறுத்தி, நகம் வெட்டாதவனை வெளியே போகச் சொன்னேன். அவன் கோச் கோட்டைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார்.

"காலைல இதே கைதானே சார் ஆடுச்சு? அப்போ எங்க போச்சு உங்க ரூலு?"

என்னிடம் பதில் இல்லை. விதி என் பக்கம் இருந்தது. நியாயம் அவர் பக்கம் இருந்தது. காயம் இன்னும் ஒரு விரற்கடை மேலே பட்டிருந்தால் அந்தப் பையனின் அம்மாவுக்கு நான் என்ன சொல்லியிருப்பேன்?

அன்று முதல் என் பையில் விசிலோடு நகவெட்டியும் இருக்கிறது. ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு கோச்சுகளையும் இரண்டு கேப்டன்களையும் ஒன்றாக நிற்க வைத்து, இந்தச் சின்ன விதிகளை ஒரே வார்த்தையில் இருவருக்கும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆட்டமோ இறுதி ஆட்டமோ, பேச்சு ஒன்றுதான்.

அப்படியும் கோச் வெளியிலிருந்து "போனஸ் எடுறா!" என்று கத்துவார். புத்தகப்படி உடனே பாயிண்ட். ஊர்ப் போட்டியில் நான் ஒரு தடவை பொறுப்பேன். டைம் அவுட்டில் பக்கத்தில் போய், "அண்ணே, இன்னொரு தடவை சொன்னா பாயிண்ட் போயிடும்" என்று மெதுவாகச் சொல்வேன். அவர் பிள்ளைகளின் காதில் விழச் சொல்ல மாட்டேன். அவர்கள் முன்னால் அவருக்கும் ஒரு மரியாதை உண்டல்லவா? அந்தச் சலுகை இரண்டு அணிக்கும் ஒரே கணக்குதான். மறுபடி கத்தினால் பாயிண்ட் போகும். கேள்வி கேட்டால் விளக்கம் சொல்வேன். திட்டினால் பதிலுக்குத் திட்ட மாட்டேன்.

இது குப்பத்து மணலோடு போகிற விஷயமில்லை. 2023 அக்டோபர் 7-ஆம் தேதி, சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம். இந்தியாவும் ஈரானும் 28-28 என்று சமமாக நின்ற நேரம். பாடப் போன பவன் ஷெராவத் யாரையும் தொடாமலே லாபிக்குள் போய்விட்டார். ஈரான் ஆட்டக்காரர்களும் பின்னாலேயே நுழைந்தார்கள். ஒரு விதிப்படி, நுழைந்த எல்லோரும் அவுட். இன்னொரு விதிப்படி, பாட வந்தவர் மட்டும் அவுட். எந்த விதி என்பதிலேயே சண்டை. தீர்ப்பு மாறி மாறி வந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. வீரர்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் 33-29 என்று இந்தியா தங்கம் வென்றது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை யாரும் மறக்கவில்லை. எந்த விதி என்பது ஆட்டத்துக்கு முன்பே எல்லோர் மனதிலும் பதிந்திருந்தால் அந்தக் கூத்து நடந்திருக்குமா?

ஒரு பாயிண்ட்டில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கத்துப் பையனுக்கு ஒரு சான்றிதழ், விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட், பிறகு ஒரு வேலை என்று எல்லாம் அதில் தொங்கிக்கொண்டிருக்கலாம். இந்தக் கல்லூரிக்கே அப்படி வந்தவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாணவத் தம்பிகளே, தங்கைகளே! ஆட முடியாதவர்கள் விசிலையாவது எடுங்கள். ஊர்ப் போட்டிகளுக்கு நடுவர்கள் போதவில்லை. நாளைக்கு எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் இந்தப் பழக்கம் உதவும்: கேட்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொன்னதை எல்லோரிடமும் ஒன்றுபோலக் கேளுங்கள்.

அந்த முகத்துவாரக்குப்பத்து கோச் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் அவர் பிள்ளைகள் மட்டும் நகம் வெட்டிக்கொண்டுதான் களத்துக்கு வருகிறார்கள். எனக்கு அது போதும்.