கடல் கடந்த ஆங்கில ஆசிரியர்

ஆங்கிலம் அறிந்தவனுக்கு அயல்நாட்டில் ஆசிரியத் தொழில் எளிதிற் கிடைக்கும் என்பது பலருடைய எண்ணம். கிடைப்பதும் உண்டு. ஆயினும், அது தன் கல்விக்காகக் கிடைத்ததா, தான் அயலான் என்பதற்காகக் கிடைத்ததா என்பதை அவன் பெரும்பாலும் காலங் கடந்தே அறிகிறான். லாப்காடியோ ஹேர்ன் என்பாரின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்று.

கிரேக்கத் தாய்க்கும் ஐரிஷ் தந்தைக்கும் 1850 ஆம் ஆண்டிற் பிறந்த ஹேர்ன், இளமையிலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். அமெரிக்காவிற் பத்திரிகை எழுத்தாளராய் விளங்கிய அவர், 1890 இல் யப்பானை அடைந்தார். விரைவிலேயே வெளியீட்டாளரோடு முரண்பட்டு வருவாயை இழந்தார். அந்நிலையில், பேராசிரியர் சேம்பர்லேனின் உதவியால், மாட்சுயே என்னும் ஊரிற் பாடசாலை ஆசிரியரானார். மாதச் சம்பளம் 100 யென். மேனாட்டுக் கல்வியை விரைந்து பெற விழைந்த யப்பான், அக்காலத்தில் அயல்நாட்டு ஆசிரியருக்கு மிகுதியாகவே ஊதியம் அளித்தது.

ஹேர்ன், சாமுராய்க் குடியிற் பிறந்த கொய்சுமி செட்சுவை மணந்தார். தாம் அயலாராகவே இறப்பின் மனைவி மக்களின் சொத்துரிமைக்கு ஊறு நேரும் என அஞ்சி, 1896 இல் யப்பானியக் குடியுரிமை பெற்றுக் கொய்சுமி யாகுமோ ஆனார். அவ்வாண்டே டோக்கியோவின் பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியங் கற்பிக்கத் தொடங்கினார்.

இதனிடையே, யப்பான் தன் இளைஞரை மேனாடுகளுக்கு அனுப்பிப் பயிற்றுவித்து வந்தது. அவர்கள் மீண்டதும், பெருஞ் சம்பளம் பெறும் பழைய ஆசிரியரின் தேவை குறைந்தது. மாணவர் எதிர்ப்புத் தெரிவித்தும், 1903 இல் ஹேர்ன் பதவி நீங்கினார். அவ்விடத்துக்கு வந்தோருள் ஒருவர், இலண்டனிற் கற்றுத் திரும்பிய நட்சுமே சொசெக்கி. பின்னாளிற் புகழ்பெற்ற நாவலாசிரியர். தன் மக்களைக் கொண்டே தன் மக்களுக்குக் கற்பிக்க விரும்பிய நாட்டைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், குடிமகனாகியும் ஹேர்னுக்கு அவ்வேலை நிலைக்கவில்லை.

1987 இல் யப்பானிய அரசு தொடங்கிய ஜெட் திட்டத்தின்கீழ், இன்றும் பல நாட்டு இளைஞர் அங்கே துணையாசிரியராய்ச் செல்கின்றனர். பட்டம் வேண்டும், ஆசிரியப் பயிற்சி கட்டாயமன்று. ஒப்பந்தம் ஓராண்டுக்கு உரியது. புதுப்பிப்பினும் ஐந்தாண்டுக்கு மேற் செல்லாது. எனவே, புகும்போதே வெளியேறும் நாளையும் எண்ணிப் புகுவதே அறிவுடைமை.

ஹேர்ன் வகுப்பில் நிறுத்தி நிறுத்திப் பேசுவார்; மாணவர் அதனைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்வர். அவர் 1904 இல் மறைந்தார். அக்குறிப்பேடுகளிலிருந்து தொகுக்கப்பட்ட அவருடைய விரிவுரைகள் 1915 இல் நூலாய் வெளிவந்தன. பதவி ஒப்பந்தத்தோடு முடிந்தது. கற்பித்தது மாணவர் கையில் எஞ்சியது.